அமுக்கராவா, பூனைக்காலியா, டோங்காட் அலியா: குழந்தைக்காகக் காத்திருக்கும் ஆண் எதை எடுப்பது?

சென்ற தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு நாட்டு மருந்துக் கடை வாசலில் என் சித்தப்பா மகனைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் கையிலிருந்த பையைப் பின்னால் மறைத்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்துக் காப்பிக்கடையில் உட்கார்ந்து தே தாரிக் வந்த பிறகு அவனாகவே பையை மேசைமேல் வைத்தான்.

"அண்ணே, இதுல எதைச் சாப்பிடறதுன்னு தெரியலை. நீங்க சாப்பிட்டீங்கன்னு அண்ணி சொன்னாங்க."

பையில் அமுக்கரா கேப்சூல் ஒரு டப்பா, பூனைக்காலி விதைப் பொடி ஒரு பொட்டலம், நெருஞ்சில் மாத்திரை, வேலையிடத்து நண்பர் கொடுத்த, டோங்காட் அலி என்ற வேர் கலந்த காப்பிப் பொட்டலங்கள் ஐந்தாறு. இது போக, ஊரிலிருந்து சித்தி கொண்டுவந்த அமுக்கராச் சூரணம் வீட்டில் ஒரு டின் இருக்கிறதாம். அவனுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். புங்கோலில் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வீடு வந்ததிலிருந்து குழந்தைக்காகக் காத்திருக்கிறார்கள்.

"டெஸ்ட் எடுத்தாச்சா?" என்றேன்.

"அவ எல்லாம் எடுத்துட்டா. எல்லாம் நார்மல்."

"நீ?"

அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் மருத்துவன் இல்லை. ஜூரோங்கில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். ஐந்து வருடத்துக்கு முன் இதே நிலையில் இருந்தவன். அன்று அவனிடம் சொன்னதையும், அப்புறம் வீட்டுக்கு வந்து இன்னும் கொஞ்சம் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நம் வீடுகளில் ஆண்கள் இதை ஒருவரோடொருவர் பேசுவதில்லை. பேசாததால் போவது பணம் மட்டும் இல்லை, மாதங்களும் போகின்றன. மனைவி 35 வயதை நெருங்கும்போது அந்த மாதங்களின் விலை அதிகம்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. தமிழில் 'ஆண்மைக்குறைவு' என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வேறு விஷயங்களைச் சொல்கிறோம். உறவில் ஏற்படும் சிரமம் ஒன்று, விந்தணு குறைவாக இருப்பது இன்னொன்று. தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இல்லாத ஆணுக்கு விந்தில் ஓர் அணுகூட இல்லாமல் இருக்கலாம். குழந்தையில்லாத ஆண்களில் பத்தில் ஒருவருக்குமேல் அப்படி இருக்கிறார்கள். வெளியே பார்த்து எதுவும் தெரியாது. விந்தின் அளவும் நிறமும் கெட்டித்தன்மையும் இதைக் காட்டிக் கொடுக்காது. 'எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை' என்று ஓர் ஆண் சொல்லும்போது, அவர் பெரும்பாலும் முதல் விஷயத்தைப் பற்றித்தான் சொல்கிறார். கடையில் விற்கும் பொருள்களில் பாதியும் அந்த முதல் விஷயத்துக்கானவைதான். குழந்தை வேண்டும் என்று போகிறவர் வேறொன்றுக்கான மருந்தோடு திரும்பிவருகிறார்.

பரிசோதனை முதலில், பொடி அப்புறம்

பையிலிருந்த நான்கையும் ஒப்பிடுவதற்கு முன் ஐந்தாவதாக ஒன்றை மேசைமேல் வைத்தேன்: விந்துப் பரிசோதனை. செலவிலும் சிரமத்திலும் மிகக் குறைவானது இதுதான். கருத்தரிக்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. அப்படியிருந்தும் மனைவிக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, குழாய் அடைப்புப் பார்க்கும் எக்ஸ்ரே எல்லாம் முடிந்த பிறகுதான் கணவர் ஒரு சிறு குப்பியை வாங்குகிறார். என் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. என் மனைவி வலியோடு அந்த எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட நாளை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஓராண்டு முயன்றும் கருத்தரிக்கவில்லை என்றால் இருவரும் பரிசோதிக்க வேண்டும். மனைவிக்கு வயது 35க்கு மேல் என்றால் ஆறு மாதம் போதும், அதற்குமேல் காத்திருக்கக் கூடாது. பாலிகிளினிக் என்ற அரசாங்க மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ சொன்னாலே எங்கே போக வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை, கேகே மகளிர்-சிறார் மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை ஆகிய மூன்றிலும் இதற்கான பிரிவுகள் இருக்கின்றன. இரண்டிலிருந்து ஏழு நாள் விந்து வெளியேறாமல் இருந்து மாதிரி கொடுக்க வேண்டும். வீட்டில் எடுத்தால் உடல்சூடு குறையாமல் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும்.

முடிவுத் தாளில் வரும் எண்களைப் புரிந்துகொள்வது கடினமில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் எல்லை இப்படி: அளவு 1.4 மில்லிலிட்டர், ஒரு மில்லிலிட்டரில் 1 கோடியே 60 லட்சம் அணுக்கள், அவற்றில் அசைபவை 42 சதவீதம், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம், சரியான வடிவம் கொண்டவை 4 சதவீதம். கடைசி எண்ணைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். நூற்றில் நான்கு நல்ல வடிவில் இருந்தாலே அது இயல்புதான். இந்த எல்லைக்குக் கீழே இருந்தால் குழந்தை பிறக்காது என்றும், மேலே இருந்தால் கட்டாயம் பிறக்கும் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. குழந்தை பெற்ற ஆண்களை அளந்து, அவர்களில் கடைசி ஐந்து சதவீதத்தினர் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துப் போட்ட கோடு அது.

முதல் முடிவு குறைவாக வந்தால் சில வாரம் கழித்து இன்னொரு முறை எடுக்கச் சொல்வார்கள். ஒரே ஆளுக்கு மாதத்துக்கு மாதம் இந்த எண்ணிக்கை ஏறி இறங்கும். இரண்டு மாதத்துக்கு முன் டெங்கிக் காய்ச்சலில் படுத்தவருக்கு இன்று எண்ணிக்கை குறைந்திருப்பதில் ஆச்சரியம் இல்லை. ஓர் அணு உருவாகி முதிர ஏறக்குறைய 74 நாள் ஆகிறது. அப்புறம் குழாயில் பயணம் செய்து தயாராக இன்னும் சுமார் இரண்டு வாரம். ஆக, இன்று உடம்பில் செய்யும் மாற்றம், நல்லதோ கெட்டதோ, மூன்று மாதம் கழித்துத்தான் தாளில் தெரியும். மூலிகை விற்பவர்கள் 'ஒரு மண்டலம்' என்று 48 நாள் கணக்குச் சொல்லும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 48 நாள் போதாது.

முதலில் பரிசோதனை என்று நான் அடித்துச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில குறைகளை எந்த மூலிகையாலும் தொட முடியாது. விந்துக் குழாய் அடைத்திருந்தால் வேரைத் தின்று அடைப்பு நீங்காது. மரபணுக் குறையும் அப்படியே. விரையின் ரத்த நாளங்கள் புடைத்துச் சுருண்டிருக்கும் வேரிகோசீல் என்ற நிலை இருக்கிறது. பொதுவாக ஆண்களில் 15 சதவீதத்தினருக்கும், குழந்தையில்லாத ஆண்களில் மூன்றில் ஒருவருக்குமேலும் இது காணப்படுகிறது. தேவைப்பட்டால் சிறிய அறுவைச் சிகிச்சையால் சரிசெய்யலாம். ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்பவர் கதை இன்னும் பரிதாபம். 'ஆண் ஹார்மோன்தானே, கூடினால் நல்லதுதானே' என்று நினைக்கிறார்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும், 'போதும்' என்று மூளை விரைகளுக்குக் கொடுக்கும் கட்டளையை நிறுத்திவிடும், அணு உற்பத்தி சிலருக்கு முழுதாக நின்றேபோகும். அவருக்கு வேண்டிய முதல் மருந்து அந்த ஊசியை மருத்துவர் துணையோடு விடுவதுதான்.

சரி, இரண்டு முறை பார்த்தாயிற்று. எண்ணிக்கை கொஞ்சம் குறைவு, அசைவு மந்தம், காரணம் எதுவும் கிடைக்கவில்லை. நிறையப் பேருக்கு இப்படித்தான் வருகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது: மில்லிலிட்டருக்கு 1 கோடியே 10 லட்சம். இந்த இடத்தில்தான் மூலிகையைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இருக்கிறது.

அமுக்கரா

நான்கில் எனக்கு ஓரளவு நம்பிக்கை தருவது இது ஒன்றுதான். அசுவகந்தா என்று கேப்சூல் டப்பாவில் எழுதியிருப்பதும், சித்த மருத்துவத்தில் அமுக்கராங்கிழங்கு என்பதும் ஒரே செடியின் வேர்தான்.

2013இல் வெளியான ஓர் இந்திய ஆய்வைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அணு எண்ணிக்கை குறைந்த 46 ஆண்கள். 21 பேருக்கு நாளைக்கு 675 மில்லிகிராம் வேர்ச் சாறு, மூன்று வேளையாகப் பிரித்து, 90 நாள். மீதி 25 பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. சாறு எடுத்தவர்களின் சராசரி ஒரு மில்லிலிட்டருக்கு 96 லட்சத்திலிருந்து 2 கோடியே 56 லட்சமாக ஏறியது. விளம்பரங்களில் '167 சதவீதம் உயர்வு' என்று வருவது இந்தக் கணக்குதான். அசைவும் கூடியது. டெஸ்டோஸ்டிரோன் 17 சதவீதம் ஏறியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மருந்து எடுத்தவர்கள் 21 பேர் மட்டுமே. நம் கல்யாண வீட்டில் ஒரு பந்தியில் உட்காருகிறவர்களைவிடக் குறைவு. இத்தனை சிறிய கூட்டத்தில் வந்த பெரிய எண்ணை அப்படியே நம்பிவிட எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

2010இல் லக்னோவில் நடந்த இன்னோர் ஆய்வில் குழந்தையில்லாத 75 ஆண்களுக்கு நாளைக்கு 5 கிராம் வேர்ப்பொடி மூன்று மாதம் கொடுத்தார்கள். அதிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அங்கே வெற்று மாத்திரைக் குழு இல்லை. எண்ணிக்கை தானாகவே ஏறி இறங்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா? மிகக் குறைவாக இருக்கும் நாளில் அளந்தால், அடுத்த முறை எதுவுமே செய்யாமலும் கொஞ்சம் ஏறித்தான் வரும். ஒப்பிட ஒரு குழு இல்லாதபோது எது வேரின் வேலை, எது இயற்கையின் ஏற்ற இறக்கம் என்று பிரிக்க முடியாது. ஈரானில் 2018இல் வெளியான ஆய்வு ஒன்று 5 கிராம் அமுக்கராவை பென்டாக்ஸிஃபிலின் என்ற ஆங்கில மருந்தோடு வைத்துப் பார்த்தது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று முடிந்தது.

எப்படி வேலை செய்கிறது? இரண்டு வழி சொல்கிறார்கள். மன அழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசோலை அது குறைக்கிறது. இரவு ஷிப்ட், தூக்கமின்மை, கடன் என்று ஓடுகிற உடம்பில் அந்தக் கார்ட்டிசோல் ஆண் ஹார்மோனை அமுக்கி வைக்கும். இன்னொன்று, அணுவின் மேல் தோல் எளிதில் கெட்டுப்போகும் கொழுப்பால் ஆனது. ஆக்ஸிஜனேற்றத்தால் அது சிதையாமல் வேரிலுள்ள பொருள்கள் காக்கின்றன என்கிறார்கள்.

இப்போது சித்தி கொண்டுவந்த டின்னுக்கு வருவோம். அமுக்கராச் சூரணம் வேறு, அமுக்கராப் பொடி வேறு. பலருக்கு இது தெரியாது. சூரணத்தின் பாரம்பரியக் கணக்கு அழகானது: கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ இரண்டு, ஏலம் நான்கு, மிளகு எட்டு, திப்பிலி பதினாறு, சுக்கு முப்பத்திரண்டு, அமுக்கரா அறுபத்துநான்கு, சர்க்கரை நூற்றிருபத்தெட்டு. இரட்டித்து இரட்டித்துப் போகும். கூட்டிப் பார்த்தால் பாதி சர்க்கரை, கால் பங்குதான் அமுக்கரா. ஆய்வில் கொடுத்த 5 கிராம் வேரை இந்தச் சூரணத்தில் பெற வேண்டும் என்றால் நாளைக்கு 20 கிராம் சாப்பிட வேண்டும், அதில் 10 கிராம் சர்க்கரை. நீரிழிவு உள்ளவருக்கு இது ஆகாது. சூரணம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. செரிமானத்துக்கும் உடல் தேற்றலுக்கும் என்று முன்னோர் கட்டிய கூட்டு அது. ஆய்வில் கொடுத்தது வேறொன்று, அவ்வளவுதான்.

கேப்சூல் வாங்கினால் 'வேர் மட்டும்' என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இலையையும் சேர்த்துச் சாறு எடுத்தால் காகிதத்தில் சத்துச் சதவீதம் கூடித் தெரியும். ஆனால் இலையில் விதாஃபெரின் என்ற வீரியமான பொருள் அதிகம், நம் மரபில் உள்ளுக்குக் கொடுத்தது வேரைத்தான்.

ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமுக்கரா எடுத்தவர்களுக்குக் கல்லீரல் வீங்கி மஞ்சள் காமாலை வந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலுமாக ஐந்து பேரைப் பற்றி 2020இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். அப்புறமும் வந்திருக்கின்றன. அரிதுதான். நிறுத்தினால் பெரும்பாலோர் தேறிவிட்டார்கள். ஆனாலும் கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, உடம்பு அரித்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு மாத்திரை, தூக்க மாத்திரை, சர்க்கரை மாத்திரை, உறுப்பு மாற்றியவர்களுக்கான மருந்து, இவற்றில் எதையாவது எடுப்பவர் கேட்காமல் தொடக் கூடாது. டென்மார்க் 2023இல் இதைத் தடையே செய்துவிட்டது. மனைவி இதை எடுக்கவே வேண்டாம், கருவுற்றவர்களுக்கு இது கூடாது என்பது எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒன்று.

பூனைக்காலியும் நெருஞ்சிலும்

பூனைக்காலி விதையில் இருப்பது எல்-டோபா. நடுக்குவாதத்துக்கு நரம்பியல் மருத்துவர் எழுதிக்கொடுக்கும் அதே மருந்துப்பொருள். விதை எடையில் சுமார் 3 முதல் 6 சதவீதம். லக்னோ ஆய்வாளர்கள் 2009இல் 75 ஆண்களுக்கு நாளைக்கு 5 கிராம் விதைப்பொடியைப் பாலில் மூன்று மாதம் கொடுத்தார்கள். எண்ணிக்கை ஏறியது, அசைவு ஏறியது, புரோலாக்டின் என்ற ஹார்மோன் இறங்கியது. ஆணுக்குப் புரோலாக்டின் கூடினால் டெஸ்டோஸ்டிரோன் குறையும், ஆகவே கதை பொருந்துகிறது. இங்கேயும் வெற்று மாத்திரைக் குழு இல்லை.

எனக்குக் கவலை தருவது வேறு. 5 கிராம் பொடியில் 150 முதல் 300 மில்லிகிராம் எல்-டோபா வரலாம். அது ஒரு மருந்தின் அளவு. சமையலறைப் பொருள்போல இதைக் கரண்டியால் அள்ளிப் போட முடியாது. குமட்டல், தலைசுற்றல் வரும். மனநல மருந்து எடுப்பவர், ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர், நடுக்குவாத நோயாளி இவர்களுக்கு வம்பு. விதையைப் பாலில் வேகவைத்துத் தோல் நீக்கிச் சுத்திகரிப்பது வழக்கம். கடைப் பொட்டலத்தில் அதைச் செய்தார்களா என்று நமக்குத் தெரிய வழியில்லை. ரத்தப் பரிசோதனையில் உங்களுக்குப் புரோலாக்டின் அதிகம் என்று வந்தால் அதற்கென்றே அளவு தெரிந்த மாத்திரைகள் இருக்கின்றன. ஏன் கூடியது என்றும் மருத்துவர் பார்த்தாக வேண்டும், மூளையின் பிட்யூட்டரி சுரப்பியில் சிறு கட்டியாக இருக்கலாம். இந்தப் பொட்டலத்தை அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நெருஞ்சிலைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 1980களில் பல்கேரியாவிலிருந்து ஆண் ஹார்மோன் ஏற்றும் மருந்தாகப் புறப்பட்டு, உடற்பயிற்சிக் கூடங்கள் வழியாக உலகம் சுற்றியது. அதே நாட்டு ஆய்வாளர்கள் 2005இல் 21 இளைஞர்களுக்கு நான்கு வாரம் கொடுத்து அளந்தபோது டெஸ்டோஸ்டிரோன் ஏறவே இல்லை. சிறுநீர்க் கடுப்புக்கு நெருஞ்சில் குடிநீர் கொடுத்த பாட்டிமார்களுக்கு அதன் வேலை தெரிந்திருந்தது.

டோங்காட் அலி

இங்கே சிங்கப்பூரில் மலாய் நண்பர்கள் வழியாக அறிமுகமாகும் வேர் இது. இதற்கும் ஆய்வு உண்டு. மலேசியாவில் 350 ஆண்களுக்கு நாளைக்கு 200 மில்லிகிராம் நீர்ச் சாறு கொடுத்த ஆய்வு 2010இல் வெளியானது. மூன்று மாதச் சுற்றை முழுதாக முடித்தவர்கள் 75 பேர். அவர்களில் 11 பேரின் மனைவியர் கருவுற்றார்கள். விளம்பரம் இந்த 11ஐ மட்டும் சொல்லும். 350 எப்படி 75 ஆனது என்று சொல்லாது. வெற்று மாத்திரைக் குழுவும் இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் இந்த வேர்ச் சாற்றை ஆராய்ந்து, மரபணுவைச் சேதப்படுத்தும் சாத்தியம் இருப்பதால் இது பாதுகாப்பானது என்று உறுதிசெய்ய முடியாது என்றது. அடுத்த தலைமுறைக்கு மரபணுவைக் கொண்டுசெல்லும் அணுவுக்காகவே ஒன்றை எடுக்கும்போது, இந்த ஒரு வரியே எனக்குப் போதும்.

காப்பிப் பொட்டலம் இன்னும் மோசம். டோங்காட் அலி, ஜின்செங் என்று பெயர் போட்ட காப்பியிலும் மிட்டாயிலும் சில்டெனாஃபில், டடாலாஃபில் போன்ற விறைப்பு மருந்துகள் ரகசியமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையமும் சிங்கப்பூர் உணவு அமைப்பும் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்து வருகின்றன. குடித்த ஒரு மணி நேரத்தில் 'வேலை செய்கிறதே' என்று தோன்றினால் அது வேரின் வேலையாக இருக்காது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் இதைக் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

2008ஐ மறக்கக் கூடாது. அந்த ஆண்டின் முதல் ஐந்து மாதத்தில், நீரிழிவே இல்லாத 150 பேர் ரத்தச் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி இங்குள்ள பொது மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். ஏழு பேர் நினைவு திரும்பாமல் கிடந்தார்கள், அவர்களில் நான்கு பேர் இறந்தார்கள். ஆண்மைக்கு என்று கள்ளத்தனமாக விற்ற மாத்திரைகளிலும், 'மூலிகை' என்று பெயர் போட்டவற்றிலும் கிளிபென்கிளமைடு என்ற நீரிழிவு மருந்து கலந்திருந்தது. அந்த 150 பேரில் 45 பேர்தான் என்ன எடுத்தோம் என்று வாய்திறந்து சொன்னார்கள். வெட்கம் மருத்துவரின் கையைக் கட்டிப்போட்டது.

எங்கே வாங்குவது என்பதும் ஒரு முடிவுதான். சிங்கப்பூரில் ஊட்டச்சத்துப் பொருள்களையும் இந்திய, மலாய்ப் பாரம்பரிய மருந்துகளையும் விற்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியதில்லை. பாதுகாப்பாக இருக்க வேண்டும், மருந்து கலக்கக் கூடாது, உலோகம் இந்த அளவைத் தாண்டக் கூடாது என்று விதிகள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு டப்பாவையும் யாரும் திறந்து பார்த்து அனுப்புவதில்லை. உலோகங்களையும் தாதுக்களையும் சுட்டுச் செய்யும் பஸ்பம், செந்தூரம் சேர்ந்த லேகியங்களைக் குழந்தைக்காக எடுக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. ஈயம் விந்தணுவைக் கெடுக்கும் பொருள். இங்கே சீன மருத்துவர்களுக்குச் சட்டப்படியான பதிவு முறை உண்டு. சித்த, ஆயுர்வேத வைத்தியர்களுக்கு அப்படி இல்லை, ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுப்பு நம்முடையது.

மூலிகை எல்லாமே விந்தைக் கூட்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. பருத்திக் கொட்டையிலுள்ள காசிபால் என்ற பொருளை 1970களில் சீனாவில் ஆயிரக்கணக்கான ஆண்களுக்குக் கருத்தடை மருந்தாகவே கொடுத்துப் பார்த்தார்கள். வேலை செய்தது, சிலருக்கு நிறுத்திய பிறகும் விந்தணு திரும்பவில்லை. மூட்டுவலிக்குச் சீன மருத்துவத்தில் தரும் லெய் கோங் தெங் என்ற கொடியும் அணுவைக் குறைக்கும். நிலவேம்பை எலிகளுக்கு வாரக்கணக்கில் கொடுத்துச் செய்த ஆய்வுகளில் சிலவற்றில் அணு குறைந்தது, சிலவற்றில் ஒன்றும் ஆகவில்லை. காய்ச்சலுக்கு நாலைந்து நாள் நிலவேம்புக் குடிநீர் குடித்ததற்காக யாரும் பதற வேண்டாம். குழந்தைக்கு முயலும்போது தினமும் காலையில் அதைக் குடிக்கும் பழக்கம் இருந்தால் கொஞ்ச நாள் விட்டுவைக்கலாம்.

நான் என்ன செய்தேன்

வேர் மட்டும் உள்ள அமுக்கராக் கேப்சூல், ஆய்வில் கொடுத்த அளவையொட்டி, மூன்று மாதம். தொடங்குமுன் மருத்துவரிடம் சொன்னேன். அவர் உற்சாகப்படுத்தவில்லை, தடுக்கவும் இல்லை. கல்லீரல் ரத்தப் பரிசோதனை ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் எழுதிக் கொடுத்தார். அதே மாதத்தில் சிகரெட்டை விட்டேன். இறுக்கமான ஜீன்ஸை விட்டேன். மடியில் மடிக்கணினி வைப்பதை விட்டேன். விரை உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் அணு நன்றாக உருவாகும். பரோட்டாக் கல் முன்னால் பத்து மணி நேரம் நிற்கும் அண்ணன்மார்களுக்கும் கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்பவர்களுக்கும் இது முக்கியமான செய்தி.

மூன்று மாதம் கழித்து 1 கோடியே 90 லட்சம் வந்தது. வேரால் ஏறியதா, சிகரெட்டை விட்டதாலா, தானாக ஏறியதா? எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் சொன்னால் அது பொய்.

எண் ஏறுவதும் குழந்தை பிறப்பதும் ஒன்றில்லை என்பதற்கு நல்ல சான்று 2020இல் அமெரிக்காவில் கிடைத்தது. 2,370 ஆண்களுக்குத் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் ஒரு பக்கம், வெற்று மாத்திரை மறுபக்கம் கொடுத்தார்கள். முன்பு சிறிய ஆய்வுகளில் நம்பிக்கை தந்த கூட்டு அது. முடிவில் குழந்தை பிறந்தது ஒரு பக்கம் 34 சதவீதம், மறுபக்கம் 35. அமுக்கராவுக்கு இவ்வளவு பெரிய சோதனை இதுவரை நடக்கவில்லை. இந்த ஒரு காரணத்தால்தான் அதற்கு மூன்று மாதத்துக்குமேல் கொடுக்காதீர்கள் என்கிறேன். அந்த மூன்று மாதமும் மற்ற வேலைகள் நிற்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருங்கள். 'சேர்த்து வைத்தால் வீரியம் கூடும்' என்று பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு வாரக்கணக்கில் விலகியிருந்தால் அணுக்கள் உள்ளேயே கிழடாகிப்போகும்.

மனைவிக்கு 35க்கு மேல் என்றால், அல்லது அணு எண்ணிக்கை 50 லட்சத்துக்கும் கீழே என்றால், மூலிகைக்கென்று தனியாக மூன்று மாதம் ஒதுக்கவே கூடாது. நேராகச் செயற்கைக் கருத்தரிப்பு மையம்தான். பொது மருத்துவமனை மையங்களில் தகுதியுள்ள தம்பதிகளுக்கு அரசாங்கம் செலவில் 75 சதவீதம் வரை ஏற்கிறது. மெடிசேவ் என்ற நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து முதல் சுற்றுக்கு 6,000 வெள்ளி, இரண்டாவதுக்கு 5,000, மூன்றாவதுக்கு 4,000 வரை எடுக்கலாம். நல்ல ஓர் அணு கிடைத்தாலே அதை முட்டைக்குள் செலுத்தும் வசதி இருக்கிற காலம் இது.

தம்பி கடைசியில் பரிசோதனைக்குப் போனான். இடப்பக்கம் பெரிய வேரிகோசீல். பல வருடமாக மாலையில் அந்தப் பக்கம் கனமாக இருக்குமாம், யாரிடமும் சொன்னதில்லை. தை மாதத்தில் அறுவைச் சிகிச்சை முடிந்தது. மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை என்று காலண்டரில் அவன் மனைவி வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். காப்பிப் பொட்டலங்கள் குப்பைக்குப் போய்விட்டன.

ஊரிலிருந்து வந்த சூரண டின்னைத் தூக்கிப்போடச் சித்திக்கு மனம் வரவில்லை. "தூக்கத்துக்கு நல்லதாமே, நான் சாப்பிட்டுக்கறேன்பா" என்று போனில் கேட்டார்.

"சித்தி, நீங்க தினமும் காலையில என்ன மாத்திரை போடறீங்க?" என்றேன்.

"தைராய்டுக்கு. அது சின்ன மாத்திரைதானே."

அடுத்த வாரம் பாலிகிளினிக்கில் அவருக்கு அப்பாயின்ட்மென்ட் இருக்கிறது. டின்னையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன்.